சுகர் உள்ளவர் காலில் காயம் பட்டால்: முதல் நிமிடத்திலிருந்து புண் ஆறி நடக்கும் நாள் வரை

காலில் ஆணி குத்தினால் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் காலுக்கு முதல் மருந்து. அடிபட்ட இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது அதுதான். சுகர் பல வருடம் இருந்து நரம்பு மரத்துப்போன காலில் இந்த நொண்டல் நின்றுபோகிறது. காயத்தின் மேலேயே நாள் முழுக்க நடக்கிறார்கள். மும்பையில் சயான் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்குகிறார்கள், லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு போகிறார்கள், வீட்டுக்கு வந்து சாக்ஸை உருவும்போதுதான் கறையைப் பார்க்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களில் கண்டது இதைத்தான். நோயைவிட, வலி தெரியாமல் அதே இடத்தில் மிதித்து மிதித்து நடப்பதுதான் காலைத் தின்கிறது. சுகர் காலுக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். ஆகவே இந்த வழிகாட்டியில் கட்டுப் போடுவதைப் பற்றி எழுதியதைவிட, காலிலிருந்து பாரத்தை இறக்குவதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறோம். களிம்புக்குச் செலவழிக்கும் கவலையில் பாதியை நடையைக் குறைப்பதற்குக் கொடுத்தாலே பல புண்கள் ஆறிவிடும்.

காயம் படும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது

உங்கள் கால் மரத்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால் விரல் நுனிகளை லேசாக, ஓரிரு விநாடி மட்டும் தொட வேண்டும். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு இடங்கள். வரிசையாகத் தொடாமல் மாற்றி மாற்றித் தொடட்டும். தொட்டது தெரியும்போது வலது, இடது என்று சொல்லுங்கள். அழுத்தவோ, தட்டவோ, இரண்டாம் முறை தொடவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் போனால் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் இதையே உறுதிசெய்வார்.

சோதனை செய்யாமலே தெரிந்துகொள்ள ஓர் அடையாளமும் உண்டு. நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி போய்விட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இங்கே 'மரத்த கால்' என்று வரும் இடமெல்லாம் உங்களுக்கானது.

ரத்த ஓட்டம் இன்னொரு பக்கம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறதா? ஒரு கால் மட்டும் சில்லென்று இருக்கிறதா? கால் ரோமம் உதிர்ந்து தோல் பளபளவென்று மெலிந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், சின்னக் கீறலைக்கூடப் பெரிய காயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வராத இடத்துக்கு மாத்திரையும் வந்து சேராது. பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினைதான் முதலில் மோசமாகும்.

முதல் அரை மணி நேரம்

நின்ற இடத்திலேயே உட்காருங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அதே காலில் நடக்காதீர்கள்.

பெண்களுக்கு முதல் வேலை மெட்டியைக் கழற்றுவது. அடிபட்ட காலில் சில மணி நேரத்தில் வீக்கம் ஏறும். அப்போது மெட்டி விரலை இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிடும், மரத்த காலில் அதுவும் தெரியாது. கழற்ற மனசில்லாதவர்கள் உண்டு. புண் ஆறியதும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வராவிட்டால் சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுவார்கள். கொலுசுக்கும் காலில் கட்டிய கறுப்புக் கயிற்றுக்கும் இதேதான்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டாம், எடுத்தால் உறைந்தது பிய்ந்துவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின், கிளாபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பிறகு கழுவுதல். கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காய்ச்சி நன்றாக ஆறவைத்த குடிதண்ணீர் போதும். குறைந்தது அரை லிட்டர், புண்ணின் மேல் ஓடி வழியும்படி ஊற்றுங்கள். மண், துகள் எல்லாம் ஓடும் தண்ணீரில்தான் போகும், தேய்த்தால் உள்ளே போகும். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள் அல்லது சுகர் இல்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்தால் நச்சு இறங்கும்' என்று பாட்டி சொன்ன வைத்தியம், மரத்த காலில் பாதம் முழுக்கக் கொப்புளமாக முடியும். பச்சைத் தண்ணீரிலும் ஊறப்போட வேண்டாம். ஊறிய தோல் பிளக்கும்.

காயத்தில் போடக்கூடாதவை: மஞ்சள்தூள், காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத டெட்டால். தூள்கள் புண்ணில் அப்பிக் கெட்டியாகி அடியில் சீழ் கோத்துக்கொள்ள இடம் கொடுக்கும். மற்றவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் எரித்துவிடும். அழுக்குப் பட்ட காயத்தில் முதல் நாள் பீட்டாடின் போடுவதில் தப்பில்லை. சுத்தமாகச் சிவந்து வளர்ந்துகொண்டிருக்கும் புண்ணில் வாரக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருப்பதால் லாபமில்லை.

கொப்புளமாக இருந்தால் ஊசியால் குத்தாதீர்கள். தானே உடைந்திருந்தால் மேல்தோலைக் கிழித்து எறியாமல் அப்படியே படியவைத்து மூடுங்கள், அந்தத் தோலைவிட நல்ல மூடி கடையில் கிடைக்காது.

ரப்பர் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியது தனி வகை. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ரத்தம்கூட வராது. ஆனால் ஆணி உள்ளே போகும்போது செருப்பின் ரப்பர் துணுக்கையும் அதில் வளர்ந்த கிருமியையும் எலும்பு வரை கொண்டுபோய் வைத்துவிடும். இதற்கு அன்றே டாக்டர், அன்றே எக்ஸ்ரே. அந்தச் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று கணக்கிட உதவும். எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரச்சிராயும் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. குத்தியது என்ன என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசி டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அழுக்கான காயம் என்றால் 5 வருடத்துக்கு மேல், சுத்தமான சின்னக் காயம் என்றால் 10 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். நினைவில்லை என்றால் அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மழைத் தண்ணீரில் நடந்திருந்தால்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தனிக் கவலை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பரவியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. நாலாவும் சாக்கடையும் கலந்து முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். லெப்டோஸ்பைரா கிருமி சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதுவே திறந்த வாசல்.

காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்பது மாநகராட்சி மழைக்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது. எத்தனை நாள் என்பதைக் காயம் இருந்ததா, எத்தனை முறை நடந்தீர்கள் என்பதை வைத்து அவர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேறு மருந்து. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாயில் நின்றால் புண்ணாக்கும்.

வெள்ளத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈர ஷூவை மறுநாளும் மாட்டாதீர்கள். மழைக்காலத்துக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காய்ந்துகொண்டிருக்க ஒன்று காலில். சேற்றுப்புண்ணுக்கு 1 சதவீத குளோட்ரிமசோல் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு முறை மெல்லிய பூச்சாகப் போட்டு, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். நின்றதும் விட்டுவிடுவதால்தான் அடுத்த மழைக்கு அதே இடுக்கில் மறுபடி வருகிறது.

எவ்வளவு சீக்கிரம், எங்கே

மரத்த காலில் தோல் பிரிந்த எந்தக் காயத்தையும் மறுநாளுக்குள் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். வலியில்லை என்பதால் தள்ளிப்போட்ட நாட்கள்தான் விரலை வாங்குகின்றன.

அன்றே, அந்த நேரமே போக வேண்டியவை: சிவப்பு புண் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தாண்டிப் பரவுவது, சீழ் அல்லது கெட்ட வாடை, தோல் கறுப்பது அல்லது நீலம் பாய்வது, தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்பது, புண்ணுக்குள் எலும்போ நரம்பு போன்ற வெள்ளையோ தெரிவது, கால் திடீரென்று வெளுத்துச் சில்லிடுவது. இவற்றோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாடி நிமிடத்துக்கு 90க்கு மேல், குழப்பமான பேச்சு சேர்ந்தால் 108க்கு போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கும் சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். காரணமில்லாமல் சுகர் 300ஐத் தாண்டுவதுதான் சில சமயம் சீழின் முதல் சேதி.

சிவப்பு பரவுகிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்பிவிடுங்கள். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஊதா கலந்த கருமை, பளபளப்பு, புறங்கையால் தொட்டால் சூடு, இவற்றின் எல்லையைக் கோடாகப் போடுங்கள்.

சின்னக் காயத்துக்கு மாநகராட்சியின் ஆப்லா தவாகானா போதும், இலவசம். ஆழமான புண், சீழ், கறுப்பு என்றால் அறுவைசிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க்காரர்களுக்கு சயான், பரேல் பக்கம் கே.இ.எம்., காட்கோபர் பக்கம் ராஜாவாடி. கேஷுவால்டியில் இந்தி வராத அம்மாக்கள் இந்த மூன்றையும் சொன்னாலே போதும்: "முஜே ஷுகர் ஹை. பைர் மே ஜக்கம் ஹை. பைர் சுன்ன ஹை." (எனக்குச் சுகர் இருக்கிறது. காலில் காயம். கால் மரத்திருக்கிறது.) மூன்றாவது வாக்கியம் முக்கியம். கால் மரத்திருக்கிறது என்று தெரியாவிட்டால், வலியில்லாத காயத்தைச் சின்னக் காயம் என்று நினைக்க வாய்ப்பு உண்டு. மாத்திரைச் சீட்டுகள், கடைசி எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சுகர்) ரிப்போர்ட், கிட்னி ரிப்போர்ட் எடுத்துப் போங்கள்.

பாரத்தை இறக்குவது

புண் உள்ளங்காலில் என்றால், எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும் அதன் மேல் மிதித்துக்கொண்டே இருந்தால் ஆறாது. ஒவ்வோர் அடியிலும் புதிதாக வளர்ந்த மெல்லிய சதை நசுங்குகிறது. ஒரு நாளைக்கு 3,000 அடி நடந்தால் அந்தக் கால் 1,500 முறை நசுங்குகிறது.

உள்ளங்காலின் முன்பகுதிப் புண்ணுக்கு உலகம் முழுவதும் முதலில் பரிந்துரைப்பது முழங்கால் வரை வரும், நோயாளி கழற்ற முடியாத காஸ்ட் (மாவுக்கட்டு போன்றது) அல்லது வாக்கர் பூட். பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் அது பிரித்துக்கொடுக்கும். 'கழற்ற முடியாத' என்பதுதான் அதன் பலம். கழற்ற முடிந்ததை எல்லோரும் கழற்றிவிடுகிறோம், பாத்ரூம் போக, சாமி கும்பிட, வாசலில் யாரோ கூப்பிட. ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ இதைப் போடும் முன் டாக்டர் யோசிப்பார். அப்போது முன்பாதம் அந்தரத்தில் நிற்கும் அரைச்செருப்பு, புண்ணைச் சுற்றி வெட்டி ஒட்டும் கனத்த ஃபெல்ட் என்று மாற்று உண்டு. ஃபெல்ட் நாலைந்து நாளில் அமுங்கித் தட்டையாகிவிடும், அதற்கு மேல் அதை வைத்திருந்து பயனில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை இடத்தைப் பொறுத்தது.

குதிகால் புண் என்றால் தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகால் காற்றில் தொங்கும்படி படுங்கள். குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைப்பது புண்ணை அழுத்துவதுதான்.

வெளிக் கணுக்கால் எலும்பின் மேல் புண் என்றால் காரணம் பெரும்பாலும் சம்மணம். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட, பூ கட்ட, மாவு சலிக்க என்று மணிக்கணக்கில் அந்த எலும்பு தரையில் அழுந்துகிறது. புண் ஆறும் வரை நாற்காலிதான்.

முன்பாதத்திலும் பெருவிரலிலும் புண் என்றால் இந்தியக் கழிப்பறையைப் பற்றி யோசியுங்கள். குந்தி எழும்போது உடம்பின் முழு எடையும் விழுவது முன்பாதத்தில்தான். சால் (வரிசை அறைக் குடியிருப்பு) வீட்டில் பொதுக் கழிப்பறை என்றால் மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கமோடு ஸ்டூலை வாங்கி வையுங்கள். மாடியிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறை இறங்கி ஏறுவதைவிட, அறைக்குள் பாத்திரம் வைத்த கமோடு நாற்காலி ஒரு மாதம் இருப்பது மேல். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

நின்று செய்யும் வேலைதான் பெரிய சங்கடம். இட்லி அவிக்கிறவர், தோல் பட்டறைக்காரர், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு யோசிக்கும். டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கேளுங்கள், 'உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும்' என்று எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் உட்கார்ந்தால் மூடும் புண், நின்றால் ஆறு மாதம் இழுத்துப் பிறகு விரலோடு போகும். வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் நோயாளி தானாக உட்காருவார். 'சும்மா உட்கார்ந்திருக்கியே' என்ற ஒரு வார்த்தை போதும், அவர் எழுந்து நடந்துவிடுவார்.

தினசரிக் கட்டு

டாக்டர் வேறு விதமாகச் சொல்லாதவரை, சாதாரணப் புண்ணுக்கு நாளுக்கு ஒரு முறை. கசிவு வெளியே தெரிந்தாலோ கட்டு நனைந்தாலோ உடனே.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேவையானதை முதலிலேயே சுத்தமான துணியில் எடுத்து வையுங்கள்: சலைன், கிருமி நீக்கிய காஸ் பாக்கெட், பாராஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாத மெழுகு பூசிய வலைத்துணி), சுருள் பேண்டேஜ், பேப்பர் டேப், நுனி மழுங்கிய கத்தரிக்கோல்.
2. பழைய காஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், தானாக நழுவும். வறண்ட காஸைப் பிய்க்கும்போது முந்தைய நாள் வளர்ந்த சதையும் கூடவே வருகிறது.
3. எடுத்த காஸை முகர்ந்து பாருங்கள், நிறம் பாருங்கள். வெளிர் மஞ்சள் நீர் பரவாயில்லை. பச்சை, கெட்டியான மஞ்சள், நாற்றம் என்றால் டாக்டரிடம்.
4. சலைன் ஊற்றிக் கழுவி, சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடையுங்கள்.
5. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து போனில் போட்டோ எடுங்கள். நீளமும் அகலமும் குறித்துவையுங்கள்.
6. பாராஃபின் காஸ், மேலே இரண்டு மூன்று மடிப்பு காஸ், பிறகு பேண்டேஜ். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், நுனியை வெளியே தெரியவிடுங்கள். டேப் பேண்டேஜின் மேல்தான், தோலின் மேல் வேண்டாம்.
7. பதினைந்து நிமிடம் கழித்து விரல் நுனியைப் பாருங்கள். நீலமோ வெளுப்போ இருந்தால் அவிழ்த்துத் தளர்த்துங்கள்.

கட்டு கனமாக இருந்தால் செருப்புக்குள் அதுவே கல் மாதிரி அழுத்தும். உள்ளங்கால் புண்ணுக்கு மெல்லிய கட்டே நல்லது.

ஆஸ்பத்திரியில் நடப்பதும், நீங்கள் கேட்க வேண்டியதும்

செத்த தோலையும் ஓரக் காய்ப்பையும் கத்தியால் வெட்டி எடுப்பார்கள். முடிந்ததும் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும், வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள். காய்ப்புக்கு அடியில் மறைந்திருந்த உண்மை அளவுதான் அது. மூடிய காய்ப்பின் கீழ் புண் ஆறாது.

சீழ் இருந்தால் எந்தக் கிருமி என்று பார்க்கக் கல்ச்சர் சோதனைக்கு எடுப்பார்கள். கழுவி வெட்டிய பிறகு அடிச்சதையிலிருந்து எடுப்பதுதான் சரியான மாதிரி, மேலே துடைத்து எடுத்த பஞ்சில் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமியெல்லாம் வரும். கிருமித் தொற்றே இல்லாத சுத்தமான புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்துவது, நாளை நிஜமாகவே சீழ் பிடிக்கும்போது அந்த மருந்தைச் செல்லாக்காசாக்கிவிடும். சதைத் தொற்றுக்குப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம், எலும்பை அறுத்து எடுக்காத எலும்புத் தொற்றுக்கு ஆறு வாரம் வரை.

புண்ணுக்குள் உலோகக் கம்பி விட்டுப் பார்ப்பார்கள், கடினமாக எலும்பு தட்டினால் எலும்புத் தொற்று என்ற சந்தேகம் பலமாகும். முதல் எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

ஒரு கேள்வியை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: "காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா, டாப்ளர் எடுத்தீர்களா?" விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லும்போது, உயிருக்கு அவசரம் இல்லாதவரை, இந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ஓட்டம் குறைவு. நாள்பட்ட சுகரில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறி விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், அப்போது கால் விரல் அழுத்தம் பார்க்க வேண்டும். அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்காமல் விரலை எடுத்தால், எடுத்த இடமும் ஆறாமல் அடுத்த வெட்டு மேலே போகும். காய்ந்து கறுத்த விரலை வீட்டில் ஈரப்படுத்தவோ எண்ணெய் போடவோ வேண்டாம், காய்ந்தே இருக்கட்டும்.

நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் களிம்பை மாற்றிப் பயனில்லை. பாரம், ரத்தம், எலும்பு, சுகர், இந்த நான்கில் எது விடுபட்டது என்று டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.

சுகரும் சாப்பாடும்

தொற்று வந்தால் சுகர் ஏறும், ஏறிய சுகர் தொற்றை வளர்க்கும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டு மீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். கொஞ்ச காலம் இன்சுலின் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். புண் ஆறியதும் மாத்திரைக்குத் திரும்பியவர்கள் நிறைய. பயந்து பட்டினி கிடக்காதீர்கள், சதை வளர புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர். கிட்னி பாதிப்பு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். 'ஃபுளோசின்' என்று முடியும் சுகர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் காலில் புண் வந்ததை அவரிடம் சொல்லுங்கள், தொடரலாமா என்று அவர் யோசிக்க வேண்டும்.

காயமே இல்லாமல் வீங்கினால்

ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கிறது, காயம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் நீவி விடுவார்கள். மரத்த காலில் இது சார்க்கோ பாதமாக இருக்கலாம், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே போங்கள். நீவ வேண்டாம்.

ஆறிய பிறகு

தோல் மூடியது என்றால் பலம் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆறிய புண் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது, பெரும்பாலும் பழைய செருப்புக்கே திரும்புவதால். எம்.சி.ஆர். செருப்பு தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றப் பயன்பட்டு, சுகர் கால்களுக்கும் வந்தது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், கீழே கடினமான அடித்தட்டு, குதிகாலுக்குப் பின்வார், ஆணியே இல்லாமல் ஒட்டியது. பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளம் இருக்கட்டும், சாயங்காலம் கால் வீங்கிய நேரத்தில் அளவு பாருங்கள். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு வேண்டாம். முதல் வாரம் நாளுக்கு அரை மணி நேரம், ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தைப் பார்த்து, பிறகு கூட்டுங்கள்.

மாட்டும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், கல், குழந்தையின் விளையாட்டுச் சாமான், நீட்டிய தையல் எது வேண்டுமானாலும் இருக்கும். வெள்ளை சாக்ஸ் போடுங்கள், கறை உடனே தெரியும். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் ஏப்ரல், மே மாத மதியத்தில் வெறுங்காலோடு ஏறாதீர்கள். விடியற்காலையில் போங்கள், கனத்த சாக்ஸோடு போங்கள். கால் ஆணிக்கு மெடிக்கலில் விற்கும் கார்ன் கேப் ஒட்டாதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துக் குழி பறிக்கும். பிளேடும் வேண்டாம். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள். எலித் தொல்லை உள்ள இடங்களில் மரத்த காலை இரவில் எலி கடித்தது காலையில்தான் தெரியவருகிறது. தரையில் படுப்பதைத் தவிர்த்து, காலை மூடித் தூங்குங்கள். தூங்கும் முன் சோறு ஒட்டிய கையும் காலும் கழுவியிருக்கட்டும்.

தினம் இரவு, நல்ல வெளிச்சத்தில், உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள் அல்லது போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். காய்ப்பின் நடுவில் மிளகு அளவு கருஞ்சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால், அது அடியில் கசிந்த ரத்தம். தோல் இன்னும் கிழியவில்லை. அன்றே அந்தக் காலை ஊன்றுவதை நிறுத்தி, மறுநாள் காலை காய்ப்பைச் சீவ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.